ஐந்தாம் மாதத்தில் பித்தப்பை ஆபரேஷன்: இப்போதா, பிள்ளை பிறந்த பிறகா?

நீங்கள் கேட்டிருப்பது இது: தங்கைக்கு 22 வாரம், தலைப்பிள்ளை. பித்தப்பையில் கல். கடந்த ஆறு வாரத்தில் மூன்று முறை வலி வந்துவிட்டது. அதில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். சர்ஜன், "இப்போதே லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம்" என்கிறார். மாமியார் வீட்டில், "பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு மயக்க ஊசி என்றாலே பயம். யார் பேச்சைக் கேட்பது?

நான் மயக்க மருந்து மருத்துவர். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் நிற்பவள். கர்ப்பிணிகளுக்கும் நிறைய முறை நின்றிருக்கிறேன். உங்கள் தங்கையை நேரில் பார்க்காமல் அவருக்கென்று முடிவு சொல்வது முறையில்லை. ஆனால் நீங்கள் எழுதிய விவரம் சரியாக இருந்தால், சர்ஜன் சொல்வதுதான் என் கருத்தும். அது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் நடக்கும் இதே வாக்குவாதத்தை வார்டுக்கு வெளியே பெஞ்சில் எத்தனையோ குடும்பங்கள் நடத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுப் பெரியவர்கள் இதை ஒரு தராசாகப் பார்க்கிறார்கள். ஒரு தட்டில் ஆபரேஷன், அதில் ஆபத்து. இன்னொரு தட்டில் "சும்மா இருப்பது", அதில் ஆபத்து எதுவும் இல்லை. கணக்கு தப்பாவது இந்த இரண்டாவது தட்டில்தான். வயிற்றுக்குள் ஒரு நோய் கிளம்பிவிட்ட பிறகு சும்மா இருப்பது என்று ஒன்று கிடையாது. காய்ச்சல், சீழ், நீர் வற்றுவது, மஞ்சள் காமாலை எல்லாம் கர்ப்பப்பையையும் சேர்த்தே பாதிக்கும். குழந்தைக்குக் கத்தியால் வரும் கெடுதலைவிட நோயால் வரும் கெடுதல்தான் பெரும்பாலும் அதிகம்.

இதற்குத் தெளிவான உதாரணம் குடல்வால் அழற்சி, அதாவது அப்பெண்டிசைட்டிஸ். பிரசவத்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக கர்ப்பத்தில் அவசரமாக வயிற்றைத் திறக்க வேண்டி வருவது இதனால்தான் அதிகம். குடல்வால் வெடிக்கும் முன் எடுத்துவிட்டால் கரு கலையும் வாய்ப்பு நூற்றில் சில பேருக்குத்தான். வெடித்து, சீழ் வயிறு முழுக்கப் பரவிய பிறகு எடுத்தால் அது பல மடங்காகிறது. பழைய கணக்குகளில் நூற்றுக்கு 20, 30 என்று போகிறது. 1908-லேயே பேப்லர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவிட்டார்: கர்ப்பத்தில் குடல்வால் அழற்சியால் நேரும் மரணம், தாமதத்தால் நேரும் மரணம் என்று. ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் எழுதியது. இன்று எங்களிடம் ஆன்டிபயாட்டிக் இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது, ஆனாலும் அவர் சொன்னது பொய்யாகவில்லை.

என் மனதை விட்டுப் போகாத ஒரு பெண் இருக்கிறாள். 26 வாரம். வலது பக்கம் வலி என்று மூன்று நாள் வீட்டில் இருந்திருக்கிறாள். முதல் நாள் சூட்டு வலி என்று வெந்தயமும் மோரும். இரண்டாம் நாள் பக்கத்து கிளினிக்கில் வலிக்கு ஒரு ஊசி. கர்ப்பப்பை விரியும் வலிதான், போகப் போகச் சரியாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் இரவு எங்களிடம் வந்தபோது உதடு காய்ந்து, நாடி 130 ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றைத் தொட விடவில்லை. சர்ஜன் திறந்ததும் வந்த சீழ் நாற்றம் முகக்கவசத்தைத் தாண்டி என் இருக்கை வரை வந்தது. அவள் பிழைத்தாள். இரண்டாம் நாள் வலி எடுத்து, முக்கால் கிலோ குழந்தை பிறந்தது. நான்கு நாள் இருந்தது. அவள் மாமியார் என்னிடம் கேட்டது, "அறுத்ததாலதானம்மா பிள்ளை போச்சு?" என்றுதான். அவருக்கு அப்போது விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: அறுத்ததால் இல்லை. மூன்று நாள் முன்னால் அறுத்திருந்தால் அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

கர்ப்பத்தில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதும் உண்மை. மசக்கை என்று வாந்தியை விட்டுவிடுவோம். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கர்ப்பத்தில் தானாகவே கூடும். 14,000, 15,000 என்று வந்தாலும் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. கர்ப்பப்பை வளர வளர குடல்வாலை மேலே தள்ளும் என்று 1932-ல் எக்ஸ்ரே வைத்து எழுதினார்கள், அது பாடப்புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வலி வலது அடிவயிற்றில்தான் இருக்கிறது. எங்கே வலிக்கிறது என்பதைவிட, வலி ஓரிடத்தில் நின்று மணிக்கு மணி கூடுகிறதா என்று பாருங்கள். கூடுகிறது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும்.

சரி, உங்கள் தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். பித்தப்பைக் கல் குடல்வால் மாதிரி மணிக்கணக்கில் ஓடும் அவசரம் இல்லை. அதனால்தான் முடிவெடுப்பது குழப்பமாக இருக்கிறது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பித்தநீரில் கொழுப்பைக் கூட்டுகிறது. புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் பித்தப்பையைச் சோம்பலாக்குகிறது, அது சுருங்கி வெளியேற்ற வேண்டியதை மெதுவாக வெளியேற்றுகிறது. தேங்கினால் கசடு, கசடு இறுகினால் கல். நிறையப் பேருக்குக் கல் இருந்தும் வலியே வராது. வலி வராத கல்லைக் கர்ப்பத்தில் யாரும் தொட மாட்டார்கள், தொடவும் கூடாது. ஒரே ஒரு தடவை வந்து, எண்ணெய், நெய்யைக் குறைத்ததும் அடங்கிவிட்டால், அதையும் பார்த்துக்கொண்டு போகலாம்.

உங்கள் தங்கைக்கு அப்படி இல்லை. ஆறு வாரத்தில் மூன்று. வலி வந்த பித்தப்பை கர்ப்பம் முடிவதற்குள் திரும்ப வலிக்கும் வாய்ப்பு அதிகம்; எவ்வளவு சீக்கிரம் தொடங்கியதோ அவ்வளவு அதிகம், ஏனென்றால் மீதி மாதங்கள் அதிகம். இவருக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அந்த நாலு மாதத்தில் வெறும் வலியாக மட்டும் இருந்தால் எப்படியோ தாங்கலாம். கல் பித்தக்குழாயில் இறங்கி அடைத்தால் காமாலை. கணையக் குழாயின் வாயில் போய் உட்கார்ந்தால் கணைய அழற்சி. எங்கள் எல்லாருடைய பயமும் இந்தக் கடைசி ஒன்றுதான். கணைய அழற்சி வந்த கர்ப்பிணி ஐசியூவில் கிடக்கும்போது குழந்தையைப் பற்றிக் கேட்டால் எங்களால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. இன்று ஒரு மணி நேர ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, எட்டாம் மாதத்தில் இதில் போய் நிற்பது நல்ல பேரம் இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்பதிலும் ஒன்றை யோசியுங்கள். பிள்ளை பெற்ற முதல் சில மாதங்களில் பித்தப்பை வலி வந்து படுப்பவர்கள் குறைவில்லை. இரண்டு மணிக்கொருமுறை பால் கொடுத்துக்கொண்டு, தையல் வலியோடு, தூக்கமில்லாமல் இருக்கும் பெண்ணுக்கு அந்த நேரம் ஓய்வான நேரமா என்ன?

இப்போது காலக் கணக்கு. முதல் மூன்று மாதம் உறுப்புகள் உருவாகும் நேரம். தாலிடோமைடு மாத்திரையால் கைகால் குறைந்து பிறந்த குழந்தைகளின் வரலாறு உலகத்துக்கே தெரியும், அதனால் அந்த மாதங்களில் தேவையில்லாத எந்த மருந்தையும் தவிர்க்கிறோம். அந்த மாதங்களில் ஆபரேஷன் இல்லாமலே கரு கலைவதும் அதிகம். கடைசி மூன்று மாதத்தில் கர்ப்பப்பை வயிற்றை அடைத்துக்கொண்டு நிற்கும், கருவி நுழைக்க இடம் குறைவு, குறைமாதத்தில் வலி எடுக்கும் பயம் கூடுதல். அப்போது தள்ளிப்போட முடிந்த பித்தப்பையைப் பிரசவம் வரை தள்ளுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், 14 வாரத்திலிருந்து 27 வாரம் வரை, உள்ளதில் நல்ல நேரம். உங்கள் தங்கை அதன் நடுவில் இருக்கிறார். இன்னும் இரண்டு மாதம் யோசித்தால் இந்த வசதி கைவிட்டுப் போகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மாதக் கணக்கெல்லாம் தள்ளிப்போட முடிந்த ஆபரேஷனுக்கு மட்டும். குடல்வால், முறுக்கிக்கொண்ட சூலகக் கட்டி, குடல் அடைப்பு, உள்ளுக்குள் ரத்தக் கசிவு இவற்றுக்கு மாதமே பார்க்கக் கூடாது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2019-ல் வெளியிட்ட அறிக்கையில் இதை நேராகவே சொல்லியிருக்கிறது: தேவையான ஆபரேஷனை, எந்த மாதமாக இருந்தாலும், கர்ப்பம் என்ற காரணத்துக்காக மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. தேவையில்லாததைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் அம்மாவின் பயம். இது என் துறை என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

இன்று நாங்கள் வழக்கமான அளவில் பயன்படுத்தும் மயக்க மருந்துகள் எதுவும், எந்த மாதத்திலும், மனிதக் கருவுக்கு அங்கக் குறை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது. மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும் கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளுக்கும் 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமோ, திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமோ குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று. வாட்ஸப்பில் சுற்றுவது பெரும்பாலும் இதன் அரைகுறை வடிவம். உங்கள் தங்கைக்கு 22 வாரம். பித்தப்பை ஆபரேஷன் சாதாரணமாக ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிவது.

உண்மையில் எங்கள் கவனம் மருந்தின் பெயரில் இருப்பதைவிட, அம்மாவின் பிராணவாயுவும் ரத்த அழுத்தமும் குறையாமல் பார்ப்பதில்தான் இருக்கும். குழந்தைக்கு வேண்டியதெல்லாம் அந்த இரண்டு வழியாகத்தான் போகிறது. நடப்பது இதுதான்: தங்கையை மேசையில் படுக்க வைத்ததும் வலது இடுப்புக்கடியில் ஒரு சின்ன தலையணையைச் செருகி உடம்பை இடது பக்கம் சாய்ப்போம். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்துவிடும் என்பதற்காக. புளிப்பும் உப்புமாக ஒரு மருந்தைக் குடிக்கச் சொல்வோம், இரைப்பை அமிலத்தின் வீரியத்தைக் குறைக்க. கர்ப்பத்தில் இரைப்பையின் வாய் தளர்ந்திருக்கும். மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. அதற்காகத்தான் ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்கிறோம். "பிள்ளைத்தாச்சி பசியோட இருக்கக் கூடாது" என்று யாராவது வாழைப்பழம் ஊட்டிவிட்டால் எங்களுக்கு அன்று கைகால் ஓடாது. தயவுசெய்து இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

பிறகு மூக்கு வாய் மூடிய மாஸ்க்கில் சில நிமிடம் பிராணவாயு. கர்ப்பிணிக்கு நுரையீரலில் சேமிப்பு குறைவு, செலவு அதிகம். மூச்சு நின்றால் மற்றவர்களைவிட வேகமாக ஆக்சிஜன் இறங்கும். அதனால் தூங்க வைத்ததும் சில நொடிகளில் மூச்சுக்கான குழாயைப் போட்டுவிடுவோம். வயிற்றை உப்ப வைக்கக் கார்பன் டை ஆக்சைடு வாயு விடுவார்கள், அழுத்தத்தை 10 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் வைப்பார்கள். அந்த வாயு ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறாமல் இருக்க, வெளிமூச்சில் அதன் அளவை நிமிடத்துக்கு நிமிடம் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் துளையை எங்கே போடுவது என்பது கர்ப்பப்பை எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று கைவைத்துப் பார்த்த பிறகுதான் முடிவாகும். 22 வாரத்தில் அது தொப்புளுக்குச் சற்று மேலே இருக்கும், அதற்கேற்ப மேலே போடுவார்கள்.

குழந்தையின் இதயத்துடிப்பை ஆபரேஷனுக்கு முன்னாலும் முடிந்த பிறகும் டாப்ளரில் கேட்போம். 22 வாரத்தில் அது போதும். வெளியே வந்தால் பிழைக்கக்கூடிய வாரங்களில் என்றால் தொடர்ந்து பதிவு செய்வது, பிரசவ டாக்டரைப் பக்கத்தில் நிறுத்துவது, நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி என்று ஏற்பாடு வேறு. நல்ல குழு என்றால் அவர்களே இதைச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

வயிற்றைத் திறப்பதா, துளையா என்று கேட்டால், துளைதான். 1990-களின் தொடக்கம் வரை கர்ப்பத்தில் லேப்ராஸ்கோப்பியே கூடாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது எந்த மாதத்திலும் செய்யலாம் என்பது பெரிய சர்ஜன் அமைப்புகளின் வழிகாட்டுதல். காயம் சின்னது, வலி குறைவு, மறுநாளே எழுந்து நடக்கலாம். நடப்பது ரொம்ப முக்கியம்: கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும், ஆபரேஷன் அதை இன்னும் கூட்டும். காலில் ரத்தக்கட்டி உருவாகி நுரையீரலுக்குப் போவதைத் தடுக்கத்தான் இறுக்கமான காலுறையும், சிலருக்கு ஹெபாரின் ஊசியும். "பிள்ளைத்தாச்சி அசையக் கூடாது" என்று கட்டிலோடு படுக்க வைத்துவிடாதீர்கள்.

ஸ்கேன் பற்றியும் பயம் இருக்கும். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே கிடையாது. அதில் தெளிவாகத் தெரியாவிட்டால் எம்ஆர்ஐ. அதிலும் இல்லை, ஆனால் காடோலினியம் என்ற சாயம் போடாமல் எடுக்க வேண்டும். எம்ஆர்ஐ கிடைக்காத இடத்தில், உயிர் ஆபத்து என்று சந்தேகம் வந்தால், சிடி எடுப்பதில் தப்பில்லை. வயிற்று சிடி ஒன்றில் கருவுக்குப் போகும் கதிர்வீச்சு பொதுவாக 50 மில்லிகிரேக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழ்தான், அந்த அளவுக்குக் கீழே அங்கக் குறையோ கரு கலைவதோ கூடுவதாகக் காணவில்லை. நோயைக் கண்டுபிடிக்காமல் விடுவதுதான் பெரிய நஷ்டம்.

தப்பாக ஆபரேஷன் செய்வதும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். சந்தேகத்தில் திறந்து, குடல்வால் நன்றாக இருந்த கர்ப்பிணிகளிலும் கரு கலைந்திருக்கிறது. அதனால் "எதற்கும் திறந்து பார்த்துவிடலாம்" என்பதும் சரியில்லை. கர்ப்பப்பையில் உள்ள நார்த்திசுக் கட்டி (ஃபைப்ராய்டு) சில நேரம் உள்ளுக்குள் சிதைந்து பயங்கரமாக வலிக்கும். அதற்கு வலி மருந்தும் ஓய்வும்தான், கத்தி வேண்டாம். ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்கும் சாதாரண சூலக நீர்க்கட்டி பெரும்பாலும் 16 வாரத்துக்குள் தானே கரைந்துவிடும். தொப்புள் குடலிறக்கம் சிக்கிக்கொள்ளாதவரை பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் தங்கைக்கு இன்றே உறுதி செய்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 20 வாரத்துக்குப் பிறகு வலது மேல்வயிற்றில் வரும் வலி எல்லாம் பித்தப்பை வலி ஆகிவிடாது. கர்ப்ப கால ரத்த அழுத்தம் முற்றி ஈரல் வீங்கினாலும் அதே இடத்தில்தான் வலிக்கும். ஒரு முறை, "கல் வலி, எமர்ஜென்சி" என்று ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள், 31 வாரம். ஸ்கேனில் கல் இருந்தது உண்மைதான். ஆனால் மயக்கத்துக்கு முன் நான் பார்த்தபோது பிரஷர் 170/110, ரத்தம் உறைய வேண்டிய பிளேட்லெட் வெறும் 48,000, ஈரல் என்சைம்கள் பல மடங்கு. அவளுக்குத் தேவைப்பட்டது பிரசவம். பித்தப்பையில் கை வைத்திருந்தால் ரத்தத்தை நிறுத்தியிருக்க முடியாது. தங்கைக்கு 22 வாரம், முதல் வலி 20 வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது என்பதால் இதற்கான வாய்ப்பு குறைவு. இருந்தாலும் பிரஷர், சிறுநீரில் புரதம், பிளேட்லெட், ஈரல் பரிசோதனை நான்கும் சமீபத்தில் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஈரல் பரிசோதனை இன்னொரு விதத்திலும் தேவை: காமாலையைக் காட்டும் பிலிருபின் கூடியிருந்தாலோ பித்தக்குழாய் விரிந்திருந்தாலோ, கல் குழாயில் இறங்கியிருக்கலாம். அப்போது முதலில் வாய் வழியாக எண்டோஸ்கோப்பி செய்து குழாயில் உள்ள கல்லை எடுக்க வேண்டி வரலாம், அதையும் கர்ப்பத்தில் செய்யலாம், எக்ஸ்ரேயை மிகக் குறைவாகப் பயன்படுத்தி.

எங்கே செய்வது? சர்ஜன், பிரசவ டாக்டர், மயக்க மருந்து டாக்டர் மூவரும் ஒரே கட்டடத்தில் இருக்கிற இடத்தில். பச்சிளங்குழந்தைப் பிரிவும் இருந்தால் நல்லது. 24 வாரம் தாண்டியவர்களுக்கு அது இல்லாத இடத்தில் செய்யவே கூடாது என்பேன். தனியாரில் பணம் கட்டுப்படியாகாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தயங்காமல் போங்கள். அங்கே சீமாங் மையம் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) 24 மணி நேரமும் ஓடுகிறது. கர்ப்பிணிகளின் சிக்கல்களைப் பார்த்துப் பழகிய கைகள் அங்கேதான் அதிகம்.

ஆபரேஷன் முடிந்த பிறகு லேசாக வயிறு இறுகி இறுகி விடலாம், முதல் இரண்டு நாள். குறைமாதப் பிரசவ வலி வராமல் தடுக்க என்று முன்கூட்டியே எல்லாருக்கும் மருந்து கொடுப்பதில் பயன் இல்லை. உண்மையாகவே பிரசவ வலி எடுத்தால்தான் கொடுப்பார்கள். காய வலிக்குப் பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில், பயமில்லாமல் போடலாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை, ஊசி எதுவும் 20 வாரத்துக்குப் பிறகு டாக்டர் சொல்லாமல் வேண்டாம். பனிக்குட நீர் குறையும், 30 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் இதயத்தையொட்டிய ரத்தக்குழாய் ஒன்று முன்கூட்டியே மூடிக்கொள்ளும். மெடிக்கல் ஷாப்பில் "வயித்து வலிக்கு" என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் இந்த வகைதான். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள்.

சுகப்பிரசவம் ஆகுமா என்று கட்டாயம் கேட்பார்கள். ஆகும். மேல்வயிற்றில் போட்ட நாலு துளைக்காக யாருக்கும் சிசேரியன் தேவையில்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு வைக்கும்போது காயம் ஆறி தழும்பு மட்டும் இருக்கும். தேங்காய் சாதமும் புளியோதரையும் அவரும் ஒரு வாய் பயமில்லாமல் சாப்பிடலாம். இப்போது அந்த எண்ணெய்ச் சாப்பாட்டில் ஒரு கை வைத்தால் அன்று ராத்திரியே அட்மிஷன்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். உங்கள் கேள்வி முழுக்கப் படித்தேன். சர்ஜன் என்ன சொல்கிறார், மாமியார் என்ன சொல்கிறார், அம்மா என்ன சொல்கிறார் எல்லாம் இருக்கிறது. தங்கை என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. வலி அவருடையது, வயிறும் அவருடையது. வயது வந்த ஒரு பெண்ணின் ஆபரேஷனுக்குச் சட்டம் கேட்பது அவருடைய சம்மதத்தைத்தான். குடும்பம் கூடி முடிவெடுப்பது நம் வழக்கம், அதில் பலமும் உண்டு, ஆனால் அவர் முகத்தைப் பார்த்து, "உனக்கு என்னம்மா தோணுது, எதுக்கு பயமா இருக்கு?" என்று யாராவது கேட்டீர்களா? ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் வார்டுக்குப் போகும்போது, கூட இருப்பவர்களை ஐந்து நிமிடம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் கர்ப்பிணியிடம் பேசுவேன். அப்போதுதான் பாதிப் பேருக்கு அழுகை வரும், கேள்விகளும் வரும். "தூங்கும்போது பிள்ளை அசையுறது எனக்குத் தெரியாம போயிடுமா டாக்டர்?" என்று ஒருத்தி கேட்டாள். மருந்து குழந்தைக்கும் கொஞ்சம் போகும், அதுவும் உன்னோடு சேர்ந்து தூங்கும், ஒரு நாளுக்குள் பழையபடி உதைக்கும் என்றேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

சர்ஜனைத் திரும்பப் பார்க்கப் போகும்போது தங்கையையும் மாமியாரையும் சேர்த்தே கூட்டிப்போங்கள். மாமியார் நேரில் கேட்டால் பாதிப் பயம் போய்விடும். எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், இரண்டு அட்மிஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியும், ரத்த வகை எழுதிய சீட்டும் கையில் இருக்கட்டும். ஆர்எச் நெகடிவ் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். நான் மேலே சொன்ன நான்கு பரிசோதனையும் கேளுங்கள், கல் பித்தக்குழாயில் இல்லை என்று உறுதியாகத் தெரியுமா என்று கேளுங்கள், அன்று தியேட்டரில் பிரசவ டாக்டர் இருப்பாரா என்று கேளுங்கள்.

அந்த நாள் வரும்வரை எண்ணெய், நெய், முட்டை மஞ்சள்கரு, தேங்காய்ப்பால் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடட்டும். பட்டினி போடாதீர்கள். அதற்குள் குளிரோடு காய்ச்சல் வந்தாலோ, கண்ணோ சிறுநீரோ மஞ்சளானாலோ, வலி நாலைந்து மணி நேரத்துக்கு மேல் விடாமல் நின்றாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தாலோ, ரத்தமோ நீரோ கசிந்தாலோ விடியட்டும் என்று பார்க்காதீர்கள். 108-ஐ அழைத்து, கர்ப்பிணி என்பதையும் எத்தனை வாரம் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.